ஆளோலையிலிருந்து அறிக்கை வரை
நவீன அடிமைத்தொழிலும் ஒரு சிறு தோட்டவேலை நிறுவனமும்

1. தோற்றுவாய்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சி தமிழ் வாசகர் அனைவரும் அறிந்ததே. திருமணப் பந்தலில் தோன்றும் முதிய அந்தணர், மணமகன் தமக்கு அடிமையென வழக்குரைக்கின்றார். மணமகனின் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை ஒன்றை அவர் சான்றாகக் காட்டுகின்றார். மணமகன் அதைப் பறித்துக் கிழித்தெறிகின்றான். ஆயின் கிழிபட்டது படியோலை மட்டுமே. மூலவோலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் முன் வைக்கப்படுகின்றது; பாட்டனின் கையெழுத்து ஒப்புநோக்கப்படுகின்றது; மணமகன் அடிமையே எனத் தீர்ப்பளிக்கப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியின் சமயப்பொருள் இங்கு எமது ஆய்வுக்குரியதன்று. பக்தியை உணர்த்துவதற்குப் புலவர் கையாண்ட உருவகத்தின் கீழ் மறைந்துகிடக்கும் சமூக நடைமுறையே எமது கவனத்துக்குரியது. ஒருவனை மற்றொருவன் உடைமையாகக் கொள்ளுதல் ஓர் ஆவணத்தின் வழி நிகழ்ந்தது. அக்கட்டுப்பாடு தலைமுறை தாண்டிச் சென்றது. சான்றோர் கூடிய சபை அதனை நீதியென ஏற்றது. இம்மூன்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கேட்போர்க்கு வியப்பளிக்காத செய்திகளாக இருந்தமையாலேயே அவ்வுருவகம் பொருளுணர்த்தும் ஆற்றல் பெற்றது.

இன்று ஐக்கிய இராச்சியத்தில் இயங்கும் வணிக நிறுவனங்கள் வேறொரு வகை ஓலையை ஆண்டுதோறும் எழுதி வெளியிடுகின்றன. தமது தொழிலிலோ தமக்குப் பொருள் வழங்குவோரின் தொழிலிலோ அடிமைமுறை இடம்பெறாதிருப்பதற்கு எடுத்த நடவடிக்கைகள் இவையென அவ்வறிக்கைகள் கூறுகின்றன. பழைய ஓலை அடிமைத்தனத்தை நிறுவுதற்கு எழுதப்பட்டது. புதிய ஓலை அடிமைத்தனமின்மையைக் காட்டுதற்கு எழுதப்படுவது. இரண்டுக்கும் இடைப்பட்ட வரலாற்று மாற்றம் பெரிது. எனினும், எழுத்தில் உள்ளது உழைப்பவரின் வாழ்வில் உள்ளதாகுமா என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானதாகும்.

இக்கட்டுரை அவ்வினாவை ஒரு சிறிய களத்தில் வைத்து ஆராய முற்படுகின்றது. பிரித்தானிய நகரொன்றில், வீடுகளினதும் பொது நிறுவனங்களினதும் தோட்டங்களை அமைத்தும் பராமரித்தும் வரும் சாதாரணத் தோட்டவேலை நிறுவனமே அக்களம். குறித்த எந்த நிறுவனத்தையும் நாம் சுட்டவில்லை; அத்தகைய தொழிலின் பொதுவான அமைப்பையே எடுத்துக்கொள்கின்றோம். சுரங்கம், ஆடைத் தொழிற்சாலை, மீன்பிடிக் கப்பல் ஆகியவற்றை விடுத்து இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தோட்டம் என்பது ஓய்வின் இடம், தூய்மையின் இடம் என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்தினரிடை ஆழ வேரூன்றியுள்ளது. அத்தகைய இடத்துக்குள்ளும் கட்டாய உழைப்பு நுழையக் கூடுமாயின், அது எங்கோ ஒரு மூலையில் எஞ்சியிருக்கும் பழமையின் எச்சமன்று என்பது தெளிவாகும்.

2. கருத்தும் வரையறையும்

'நவீன அடிமைத்தொழில்' என்ற தொடர் உணர்ச்சியைத் தூண்டுவது; ஆதலின் அதனைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1930ஆம் ஆண்டு 29ஆம் இலக்கச் சமவாயம், தண்டனை அச்சுறுத்தலின் கீழ் பெறப்படுவதும், ஒருவர் தாமாக விரும்பி முன்வராததுமான வேலையைக் கட்டாய உழைப்பு எனக் கொள்கின்றது. இங்கு தண்டனை என்பது சாட்டையடி மட்டுமன்று. கூலியைத் தர மறுத்தல், கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல், குடிவரவு அதிகாரிகளிடம் காட்டிக்கொடுப்பதாக மிரட்டுதல், ஊரில் உள்ள குடும்பத்தாரிடம் கடனை அறவிடுவதாகக் கூறுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

அந்த ஸ்தாபனம் வேறிரு அமைப்புகளுடன் இணைந்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் ஏறத்தாழ 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். கட்டாயத் திருமணத்துள் சிக்கிய 2 கோடியே 20 இலட்சம் பேரையும் சேர்த்து 4 கோடியே 96 இலட்சம் பேர் நவீன அடிமைநிலையில் இருந்ததாக அம்மதிப்பீடு கூறுகின்றது. கட்டாய உழைப்பில் இருந்தோருள் அரசுகளால் அந்நிலைக்கு உள்ளாக்கப்பட்டோர் 39 இலட்சம் பேர் மட்டுமே. எஞ்சியோர் தனியார் துறையின் இலாபத்துக்காகக் கட்டுண்டவர்கள்.

இவ்விடத்து ஒரு கோட்பாட்டுச் சிக்கல் எழுகின்றது. முதலாளித்துவ உற்பத்திமுறைக்கு இருவகையில் 'சுதந்திரமான' தொழிலாளி தேவை என்பது மார்க்ஸ் நிறுவிய உண்மை. அவன் தன் உழைப்புச் சக்தியை விற்கும் உரிமை உடையவன். உற்பத்திச் சாதனங்கள் எவையும் இல்லாதவன். அவ்வாறாயின் கட்டுண்ட உழைப்பு முதலாளித்துவத்துக்குப் புறம்பானதன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வாதம் வரலாற்றை மறந்த வாதமாகும். இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளிற் கூலித்தொழிலாளர் வேலைசெய்த அதே காலத்தில், அவ்வாலைகளுக்கான பருத்தியை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளே பறித்தனர் என்பதையும், முன்னையதற்குப் பின்னையது பீடமாக அமைந்தது என்பதையும் மார்க்ஸே எடுத்துக்காட்டியுள்ளார். மூலதனம் சங்கிலியின் ஒரு முனையில் ஒப்பந்த சுதந்திரத்தையும் மறுமுனையில் கட்டாயத்தையும் ஏககாலத்தில் பயன்படுத்த வல்லது. இவ்விரு முனைகளும் ஒன்றையொன்று காணாதிருப்பதே அதன் இயக்கத்துக்கு வாய்ப்பானது.

3. எமது வரலாறு தரும் பாடம்

இவ்வுண்மையைப் புரிந்துகொள்வதற்கு இலங்கையர் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் இலங்கையையும் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சிப்பகுதிகளையும் விலக்கிவைத்தது. அச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட 2 கோடி பவுண் நட்டஈடும் அடிமைகளுக்கன்றி அவர்தம் உடைமையாளருக்கே சென்றது. 1707இற் தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றிருந்தமை யாழ்ப்பாணச் சமூக அமைப்பை ஆராய்ந்தோர் அறிந்ததே. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீக்கப்பட்டது 1844இலேயாகும்.

அந்த 1844ஐச் சூழ்ந்த ஆண்டுகளே மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய ஆண்டுகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒருபுறம் அடிமை என்ற சட்டவகை மறைந்துகொண்டிருந்தது. மறுபுறம் தென்னிந்தியக் கிராமங்களின் நிலமற்றோர் கங்காணியின் பின் மன்னார் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தனர். அவர்களை எவரும் விலைக்கு வாங்கவில்லை. ஆயினும் தோட்டத்தை அடையுமுன்னரே அவர்கள் கடனாளிகள். வழிச்செலவு, உணவு, துணி, ஊரிலிருந்த பழைய கடனைத் தீர்க்கக் கொடுத்த முற்பணம் ஆகியன யாவும் அவர்தம் பெயரில் எழுதப்பட்டன. கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. கணக்கைப் படிக்கத் தெரியாதவர் தொழிலாளி. வேலையை விட்டு நீங்குதலை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்வதற்கு வேண்டப்பட்டதே 'துண்டு'. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவரை விடுவிப்போம் என முன்னைய துரை எழுதிக் கொடுத்த சிறு தாள் அது. புதிய துரை பணத்தைக் கட்டினார், தொழிலாளி இடம்மாறினார், கடன் அவருடனேயே சென்றது. பெயரளவில் மாற்றப்பட்டது கடன். உண்மையில் கைமாறியது மனிதர். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. புதுமைப்பித்தன் தமது 'துன்பக்கேணி'யை எழுதிய முப்பதுகளில், சட்டம் நீங்கியும் வாழ்க்கை நீங்காத நிலையே அவர் கதைக்குப் பொருளாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கூறுகளை நாம் பிரித்தெடுத்தல் கூடும். முதலாவது, ஆட்சேர்ப்பின்போதே உண்டாக்கப்படும் கடன். இரண்டாவது, உழைப்பின் பயனைப் பெறுபவருக்கும் உழைப்பவருக்கும் இடையே நிற்கும் இடைத்தரகர். மூன்றாவது, வேலையை விட்டு நீங்கினால் சட்டமே தண்டிக்கும் நிலை. கப்பலும் தோணியும் மறைந்து விமானம் வந்துவிட்டது; கங்காணி மறைந்து ஆட்சேர்ப்பு முகவர் வந்துவிட்டார். மேற்கூறிய மூன்று கூறுகளும் மறையவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடி ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்காகப் புறப்பட்டனர். தாலியை அடகுவைத்து முகவருக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் எமது கிராமங்களில் இன்றும் உள.

4. ஒரு தோட்டத்தின் பொருட்கள்

இனி, நாம் எடுத்துக்கொண்ட தோட்டவேலை நிறுவனத்துக்கு வருவோம். அதன் உரிமையாளர் பெரும்பாலும் தாமே மண்வெட்டி பிடிப்பவர். பத்துப் பதினைந்து பேருக்கு வேலை கொடுப்பவர். அவர் கொடியவருமல்லர், எவரையும் அடிமைகொள்ள எண்ணியவருமல்லர். எனினும் அவர் அமைக்கும் ஒரு தோட்டத்தில் எத்தனை நாடுகளின் உழைப்பு உறைந்துள்ளது என்பதைக் காண்போம்.

முதலில் நடைபாதையில் பதிக்கும் கல். கடந்த பல ஆண்டுகளாக, பிரித்தானியத் தோட்டங்களில் இந்திய மணற்கல் பெரிதும் பயன்பட்டு வருகின்றது. அதன் பெரும்பகுதி இராஜஸ்தான் மாநிலத்தின் கோட்டா, பூந்தி முதலிய மாவட்டங்களிலிருந்து வருவது. கல்லகழ் தொழிலாளர் 'பேஷ்கி' எனப்படும் முற்பணம் பெற்று வேலையில் அமர்தல் அங்கு வழக்கம். கூலி அம்முற்பணத்தைத் தீர்ப்பதற்குப் போதாது. நோய், திருமணம், சாவு ஆகியவை கடனை மேலும் வளர்க்கும். கல்தூசியை இடைவிடாது உட்கொள்வதால் உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு மருந்தில்லை. அந்நோயின் பரவலை ஏற்று அம்மாநில அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுக்கவேண்டியதாயிற்று. கணவன் இறந்தபின் கடன் மனைவிமேலும் மக்கள்மேலும் விழுதல் அப்பகுதி ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. பூந்தி மாவட்டத்துப் புத்பூரா போன்ற இடங்களில், கல்லகழ்வில் ஒதுக்கப்பட்ட துண்டுகளைச் சிறு சதுரக் கற்களாக உடைக்கும் வேலையில் பெண்களுடன் சிறுவரும் ஈடுபட்டமை வெளியுலகுக்குத் தெரியவந்த செய்தியாகும். பாட்டனின் ஓலை பேரனைக் கட்டும் கதையை இங்கு நாம் உருவகமாகவன்றி உண்மையாகவே காண்கின்றோம்.

அடுத்து, செடிக்கான ஊடகம். சதுப்புநிலக் கரிமண்ணை அகழ்தல் சூழலுக்குக் கேடு என்ற உணர்வு பரவியதன் பயனாக, அதற்கு மாற்றாகத் தேங்காய்த் தும்புத் தூள் ஐரோப்பியத் தோட்டங்களிற் பயன்படுகின்றது. அது இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் செல்வது. தும்பு ஆலைகளிற் கட்டாய உழைப்பு உண்டென்று கூறுவது எமது நோக்கமன்று. ஆயின் சூழலுக்கு உகந்தது என்ற முத்திரை, உழைப்பவருக்கும் உகந்தது என்பதற்குச் சான்றாகாது. பசுமை என்ற சொல் கூலியைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

மூன்றாவது, கையுறை. மலேசியாவின் றப்பர்க் கையுறைத் தொழிற்சாலைகளில் நேபாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரே பெருமளவில் வேலைசெய்கின்றனர். வேலை பெறுதற்காக முகவருக்குச் செலுத்திய பெருந்தொகை அவர்களைக் கடனிற் கட்டிற்று. 2020 யூலையில் ஐக்கிய அமெரிக்காவின் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டி, உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தி நிறுவனத்தின் பொருட்களைத் தடுத்துவைத்தது. அந்நிறுவனம் தொழிலாளர் செலுத்திய ஆட்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பிக்கொடுக்க முன்வந்தது. 2021 செப்ரெம்பரில் தடை நீக்கப்பட்டது. தடுக்கப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் கையுறைகளேயாயினும், இந்நிகழ்ச்சியின் படிப்பினை பொதுவானது. பல ஆண்டு அறவுரைகள் செய்யாததைச் சந்தை மூடப்படும் என்ற அச்சம் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்திற் செய்து முடித்தது.

நான்காவது, கைகள். வேனிற்காலத்தில் வேலை பெருகும், மாரியிற் சுருங்கும். ஆகவே உரிமையாளர் ஆள்வழங்கும் முகவரை நாடுவார். முகவர் மற்றொருவரை நாடுவார். செடிகளை வளர்த்துக் கொடுக்கும் நாற்றுப் பண்ணைகளிலும் இதுவே நிலை. 2004 பெப்ரவரி 5ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவிற் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளருள் குறைந்தது 21 பேர் ஏறிவந்த கடலில் மூழ்கி மாண்டனர். கடன்பட்டு நாடு வந்த அவர்களை வேலைக்கமர்த்தியவர் ஓர் ஆட்கூட்டித் தலைவரே. அச்சாவுகள் எழுப்பிய கொதிப்பினிடையே, விவசாயம், நாற்றுப் பண்ணை, சிப்பி சேகரிப்பு முதலிய துறைகளுக்கு ஆள்வழங்குவோர் உரிமம் பெறவேண்டுமென்ற சட்டம் அதே ஆண்டில் நிறைவேறிற்று. பருவகாலத் தொழிலாளருக்கான விசாத் திட்டம் 2019இல் 2,500 பேருடன் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2021இல் 30,000 பேராக விரிந்தது. ஆறுமாத வேலைக்காக ஆசியாவிலிருந்து கடன்பட்டு வருபவர், கடனைத் தீர்க்குமுன்னரே திரும்பவேண்டியவராகின்றார். துண்டு இங்கு தாளாக இல்லை, விசாவாக உள்ளது.

5. சட்டமும் அதன் எல்லைகளும்

ஐக்கிய இராச்சியத்தின் நவீன அடிமைத்தொழிற் சட்டம் 2015 மார்ச்சில் நிறைவேறியது. அதன் 54ஆம் பிரிவு, ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சம் பவுண் அல்லது அதற்கு மேற்பட்ட விற்றுமுதலுடைய நிறுவனங்கள் அறிக்கை வெளியிடுதல் வேண்டுமென விதிக்கின்றது. பணிப்பாளர் ஒருவர் அதிற் கையொப்பமிடல் வேண்டும். ஆயின் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என எழுதினாலும் சட்டப்படி அது அறிக்கையே. அறிக்கை வெளியிடாதவருக்கு அப்பிரிவு தண்டம் எதனையும் விதிக்கவில்லை. அமைச்சர் நீதிமன்றத்திற் கட்டளை கோரலாம் என்பதே அதன் முழு வலிமை.

எமது தோட்டவேலை நிறுவனம் இவ்வெல்லைக்கு மிகக் கீழ்ப்பட்டது. எனினும் நகரசபையோ பெரிய கட்டட நிறுவனமோ அதற்கு வேலை கொடுக்கும்போது, 'உமது கொள்கையைக் காட்டும்' எனக் கேட்கின்றது. உடனே எங்கிருந்தோ பெறப்பட்ட மாதிரிப் படிவம் ஒன்று பெயர் மாற்றிச் சமர்ப்பிக்கப்படுகின்றது. பொறுப்பு மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றது. விலை மட்டும் முன்போலவே கீழ்நோக்கி அழுத்தப்படுகின்றது. இம்முரண்பாடு தீராதவரை அறிக்கை வெறும் படியோலையே.

இதற்கு மாறான சட்டச் சிந்தனை ஒன்றை இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளிற் காணலாம். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டட வேலைகள் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று வேலைசெய்வது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை தடைசெய்யும் கட்டாய உழைப்பே என நீதிமன்றம் கூறியது. பசியும் வறுமையும் பிறப்பிக்கும் கட்டாயமும் கட்டாயமே என்பது அதன் அடிப்படை. 1983 டிசம்பரில், பரீதாபாத் கல்லகழ்வுத் தொழிலாளர் தொடர்பான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் அது மேலும் ஒரு படி சென்றது. கட்டாய உழைப்பு நிகழ்வது காட்டப்படின், அது முற்பணத்தினால் விளைந்ததென ஊகிக்கப்படும்; அன்று என நிறுவும் பாரம் தொழில்கொள்வோரையே சாரும் என அது விதித்தது. ஓலை இல்லாதவரிடம் ஓலை கேளாத நீதி அது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் இந்தியச் சட்டம் 1976இலிருந்தே உள்ளது. நல்ல சட்டமும் நல்ல தீர்ப்பும் இருந்தும் கல்லகழ்வுகளிற் கடன் தொடர்வது, சட்டம் தானாகவே இயங்குவதில்லை என்பதற்குச் சான்று.

6. தடுத்தல்: சில நடைமுறைகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து, முதலாளித்துவம் நிலவும்வரை செய்யக்கூடியது எதுவுமில்லை என்ற முடிவுக்கு வருவோர் உளர். இது புரட்சிகரமான முடிவுபோலத் தோன்றினும் செயலின்மையையே நியாயப்படுத்துவது. துண்டு முறையின் ஒழிப்பு தோட்ட அமைப்பை ஒழிக்கவில்லை; ஆயினும் அது தொழிலாளருக்குக் கிடைத்த வெற்றியே. பின்னாளில் தொழிற்சங்கங்கள் வேரூன்றுவதற்கான நிலத்தையும் அது ஓரளவு பண்படுத்திற்று. ஆகவே ஒரு சிறு நிறுவனம் என்ன செய்யலாம் என்பது சிறிய வினாவன்று.

முதலாவதாக, தன் தொழிலாளரிடமிருந்தே தொடங்கல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் அறிந்த மொழியில் எழுதிய ஒப்பந்தம் கொடுக்கப்படல் வேண்டும். கடவுச்சீட்டு பார்வையிட்டபின் உடனே திருப்பிக்கொடுக்கப்படல் வேண்டும். சம்பளம் அவரவர் வங்கிக் கணக்குக்கே செல்லல் வேண்டும். பலரின் சம்பளம் ஒரே கணக்குக்குச் செல்வதும், பலர் ஒரே முகவரியைத் தருவதும், ஒருவர் மற்றவர்களுக்காக எப்போதும் பேசுவதும், காலையிலும் மாலையிலும் ஒரே வாகனத்தில் ஏற்றியிறக்கப்படுவதும் தனித்தனியே குற்றச்சான்றாகா. சேர்ந்து வரின் உசாவவேண்டியவை.

இரண்டாவதாக, 'இவ்வேலையைப் பெறுதற்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்?' என்ற வினா ஒவ்வொருவரிடமும் கேட்கப்படல் வேண்டும். கங்காணியின் கணக்கைத் திறக்கும் திறவுகோல் இவ்வினாவே. ஆட்சேர்ப்புச் செலவு தொழில்கொள்வோரையே சார்ந்தது என்ற நெறி இன்று சர்வதேச அளவில் ஏற்கப்பட்டுள்ளது. தொழிலாளி செலுத்தியிருப்பின் அது திருப்பிக்கொடுக்கப்படல் வேண்டும்.

மூன்றாவதாக, விலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, விடுமுறைச் சம்பளம், சமூகக் காப்புறுதி ஆகியவற்றைக் கூட்டினால் வரும் தொகையினும் குறைவாக ஒரு முகவர் ஆள் தருவதாகக் கூறுவாராயின், அக்குறையை ஈடுசெய்பவர் தொழிலாளியே. இதனை அறிதற்கு விசாரணைக்குழு வேண்டியதில்லை. சாதாரணக் கூட்டலும் கழித்தலுமே போதும்.

நான்காவதாக, பொருள்களின் வழியைப் பின்தொடர்தல் வேண்டும். கல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்பது விடையன்று. எந்த அகழியிலிருந்து வந்தது, அங்கு கூலி நாளுக்கா துண்டுக்கா கொடுக்கப்படுகின்றது, முற்பணம் உண்டா, தூசியை அடக்க நீர் பயன்படுகின்றதா என்பனவே வினாக்கள். சிறு நிறுவனத்தால் இராஜஸ்தானுக்குச் செல்லுதல் இயலாது. ஆயின் இறக்குமதியாளரிடம் இவ்வினாக்களை எழுத்திற் கேட்கலாம். அதே ஊரின் ஏனைய நிறுவனங்களுடன் சேர்ந்து கேட்கலாம். எல்லாப் பொருள்களையும் ஒருசேர ஆராய முனைவதிலும், இடர் மிக்க கல்லையும் ஆள்வழங்கலையும் முதலில் ஆழமாக ஆராய்தலே பயன்தரும்.

ஐந்தாவது மிக முக்கியமானது. தவறு கண்டவுடன் அவ்வழங்குநரைக் கைவிட்டு வேறொருவரிடம் செல்லுதல், வாங்குபவரின் பெயரைக் காக்குமேயன்றித் தொழிலாளியைக் காக்காது. கல் உடைக்கும் சிறுவன் அவ்வேலையை இழந்தால் பாடசாலைக்குச் செல்வான் என்பது உறுதியன்று. அதனினும் மறைவான வேலைக்குச் செல்லலாம். பெற்றோர் கூலி உயர்தல், கடன் நீங்குதல், பாடசாலை அருகில் இருத்தல் ஆகியன சேர்ந்தாலன்றிச் சிறுவர் உழைப்பு நீங்காது. ஆகவே வழங்குநருடன் நின்று மாற்றத்தைக் கோருதலும், அதற்கான விலையிற் பங்கேற்றலும் வேண்டும். மாற மறுப்பின் மட்டுமே விலகுதல் தகும்.

இறுதியாக, இவை யாவற்றையும் மேற்பார்வையாளர் ஒருவரின் வருகையால் உறுதிசெய்ய முடியாது. முன்னறிவித்து வருபவர் காண்பது முன்னேற்பாடு செய்யப்பட்ட காட்சியையே. அகழியில் ஆண்டு முழுவதும் இருப்பவர் தொழிலாளரே. அவர்கள் அச்சமின்றிப் பேசவும் சங்கமாக இணையவும் உரிமையுள்ள இடத்தில், கட்டாய உழைப்பு நீடித்தல் அரிது. எந்தக் கண்காணிப்பும் சங்கத்துக்கு ஈடாகாது என்பதே இருநூறு ஆண்டுத் தொழிலாளர் வரலாறு தரும் முடிவு.

7. முடிவுரை

பண்டத்துக்கும் பண்டத்துக்கும் உள்ள உறவாகத் தோன்றுவது உண்மையில் மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவே என்ற மார்க்சியத் தெளிவு, கோட்பாட்டு நூல்களுக்கு மட்டும் உரியதன்று. லீட்சிலோ லண்டனிலோ ஒரு வீட்டின் பின்புறத்தில் பதித்த கல், பூந்தியின் ஒரு விதவையின் கடனுடன் உறவுடையது. அவ்வுறவைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதே தடுத்தலின் முதற்படி. விற்பவர் அதனை மறைப்பதிற் பயன் காண்பவர்; வாங்குபவர் அறியாதிருப்பதில் ஆறுதல் காண்பவர்.

இதனைத் தொலைதேசத்துச் செய்தியாக மட்டும் வாசித்து அமைதல் எமக்குத் தகாது. எமது நாட்டின் அலுவலகங்களினதும் விடுதிகளினதும் கல்விநிலையங்களினதும் புற்றரைகளைப் பேணுவோர் பலர், அந்நிறுவனங்களின் ஊழியரல்லர். மனிதவலு ஒப்பந்தகாரரின் ஆட்கள். அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கப்படுகின்றது, யாரிடம் அவர்கள் கடன்பட்டுள்ளனர், நாளை வரவேண்டாமெனக் கூறினால் அவர்கள் யாரிடம் முறையிடுவர் என நாம் எப்போதாவது உசாவியதுண்டா? சமத்துவம் பற்றிய கருத்தரங்குக்குச் செல்லும் வழியில் நாம் கடந்துசெல்லும் பூம்பாத்தியிலேயே இவ்வினா குனிந்து நிற்கின்றது.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபை ஓலையை நன்கு சோதித்தது, கையெழுத்தை ஒப்புநோக்கியது, அதன் நடைமுறையிற் பிழையில்லை. பிறக்குமுன்னரே ஒருவரைக் கட்டும் ஓலை எழுதப்படலாமா என்ற வினாவை மட்டும் அது எழுப்பவில்லை. இன்றைய அறிக்கைகளையும் ஆவணங்களையும் சோதிப்போர் அவ்வினாவை எழுப்புவாராயின், ஓலையை விடுத்து ஆளைக் காணத் தொடங்குவர். ஆய்வாளர் என்ற வகையிலும், உண்பவராகவும் உடுப்பவராகவும் வாங்குபவராகவும் வாழும் மனிதர் என்ற வகையிலும், அதனைத் தொடங்கும் கடப்பாடு எமக்கும் உண்டு.